மேடு பச்சையாக இருக்கிறது, ஓடை ஏன் சேறாக வருகிறது? சுரங்க மண்மேட்டுக்குக் கீழே வடிகால், வண்டல் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

நெய்வேலியில் 1957-இல் முதல் சுரங்கத்துக்கு மண் வெட்டத் தொடங்கினார்கள். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது 1961-இல். இடைப்பட்ட நான்கு ஆண்டும் வெட்டி எடுத்தது மேல்மண்ணும் அதன் அடியில் கிடந்த கடலூர் மணற்கல்லும் களியும்தான். இன்றைக்கும் அங்கே ஒரு டன் நிலக்கரிக்காக ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணைப் பெயர்த்துப் போட வேண்டியிருக்கிறது. பெயர்த்த மண் முதலில் வெளியே மேடாகக் குவிந்தது. பிறகு நிலக்கரி எடுத்து முடித்த குழியிலேயே திரும்பக் கொட்டிச் சமப்படுத்தி மரம் நட்டார்கள். மேட்டிலும் நிரப்பிய நிலத்திலும் பெய்கிற மழை, ஓடைகளில் இறங்கிப் பரவனாறு, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போய், கடலூர் அருகே உப்பனாற்றோடு சேர்ந்து கடலில் கலக்கிறது.

இந்தக் குறிப்பு அந்தப் பாதையில் கீழே இருப்பவர்களுக்கு: ஏரிப் பாசனக்காரர்கள், பஞ்சாயத்தில் வாய்க்கால் பார்ப்பவர்கள், நீர்வடிப்பகுதித் திட்டங்களில் வேலை செய்கிறவர்கள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலம் மீண்டுவிட்டது என்பதற்குப் பச்சை நிறம் சாட்சியாகாது. பெய்த மழை மண்ணுக்குள் இறங்குகிறதா, மேலேயே வழிந்து ஓடுகிறதா என்று பாருங்கள். கீழே நடக்கிற அத்தனை கோளாறுக்கும் வேர் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் காசு செலவாவது என்னவோ ஏரியைத் தூர்வாருவதில். ஏரி நோயாளி இல்லை. மேட்டின் நோய் தெரிகிற இடம்.

கிளம்புவதற்கு முன்

கீழிருந்து மேலே நடங்கள். ஏரியில் தொடங்கி, வாய்க்கால், ஓடை, படிவுக் குட்டை (ஓடிவரும் சேற்றை நிறுத்திப் படியவைக்கும் குட்டை), மேட்டின் அடி, சரிவு, மேல்தளம் என்று ஏறுங்கள். மேலிருந்து இறங்கினால் கண்ணில் படுகிற எல்லா அரிப்பும் பெரிதாகத் தோன்றும். எது கீழே உண்மையில் சேதம் செய்கிறது என்று பிரிக்க முடியாது.

கையில் வேண்டியவை: மூடியுள்ள கண்ணாடி பாட்டில்கள் சில, அரை அங்குல இரும்புக் கம்பி ஒன்று, மண்வெட்டி, அளவுநாடா, அடிப்பக்கம் வெட்டிய பழைய பெயின்ட் வாளி, தண்ணீரில் அமிலம் பார்க்க பிஎச் தாள், உப்பு பார்க்க மின்கடத்துத்திறன் அளக்கும் கை மீட்டர், கேமரா உள்ள போன். ஊரில் யார் வீட்டு மாடியிலாவது ஒரு மழைமானி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சுரங்க நிலத்துக்குள் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். மழை பெய்யும்போதும், விட்ட மறுநாளும் சரிவின் அடியில் நிற்காதீர்கள். படிவுக் குட்டையின் சேறு மேலே காய்ந்து தரைபோலத் தெரியும். கால் வைத்தால் இடுப்பு வரை இழுத்துக்கொள்ளும்.

அறிகுறி: மழை பெய்ததும் ஓடை திடுமெனப் பொங்குகிறது, சில மணி நேரத்தில் வற்றிவிடுகிறது

"முன்னெல்லாம் மழை விட்டு நாலு நாள் ஓடையில தண்ணி ஓடும், இப்ப ராத்திரி வந்து காலையில போயிடுது" என்று பெரியவர்கள் சொன்னால் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு என்ன என்பதை அவர்கள் பாதி சொல்லிவிட்டார்கள். மண்ணுக்குள் இறங்கி மெதுவாகக் கசிந்து வர வேண்டிய தண்ணீர், மேற்பரப்பிலேயே ஓடி ஒரே நேரத்தில் ஓடைக்கு வந்து சேர்கிறது.

காரணம் பெரும்பாலும் இறுக்கம். மண்ணைக் கொட்டியபின் டோசர் திரும்பத் திரும்ப ஓடி மட்டப்படுத்துகிறது. அதே இடத்தில் டம்பர்கள் போய்வருகின்றன. மேலே அரை அடி மண் பரப்பிப் புல்லும் மரமும் வைத்துவிட்டால் படத்துக்கு அழகாக இருக்கும். அடியில் சிமென்ட் தரைபோல ஓர் அடுக்கு கிடக்கும்.

முதலில் கம்பிச் சோதனை. மழை பெய்து இரண்டு நாள் கழித்து, மேல்தளத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் கம்பியை உடல் எடையால் அழுத்துங்கள். ஒரே ஆழத்தில், உதாரணமாக 20 செ.மீ.யில், எங்கு குத்தினாலும் நின்றுவிட்டால் அது கல் தட்டியது இல்லை, இறுகிய அடுக்கு. அப்புறம் ஒரு மரத்தின் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி வேரைப் பாருங்கள். நேராக இறங்கிய வேர் ஓர் இடத்தில் சட்டென்று மடங்கி, தரைக்கு இணையாகப் படுத்து ஓடும். மடங்கிய இடத்தில் தட்டையாக, நசுங்கியதுபோல் இருக்கும். அந்த மடிப்பைப் போட்டோ எடுத்து வையுங்கள். அதிகாரியிடம் காட்ட அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மூன்றாவது வாளிச் சோதனை. அடி வெட்டிய வாளியை மண்ணில் 10 செ.மீ. இறக்கி, ஓரத்தை மண்ணால் அடைத்து, தண்ணீர் ஊற்றுங்கள். முதல் அரை மணி நேரத்தை விட்டுவிடுங்கள். காய்ந்த மண் முதலில் எதையும் குடிக்கும். அதன்பிறகு ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளந்து, அதே சோதனையைப் பக்கத்தில் சுரங்கம் தொடாத முந்திரித் தோப்பிலும் செய்யுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மணி நேரத்தில் 40, 50 மி.மீ. கொட்டுவது அபூர்வமில்லை. மேட்டு மண் மணிக்கு 5 மி.மீ. குடித்தால் மீதி எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆய்வகம் கிடைத்தால் மண்ணின் அடர்த்தியையும் கேளுங்கள். ஒரு கன செ.மீ.க்கு 1.6, 1.7 கிராமைத் தாண்டினால் பெரும்பாலான மண்ணில் வேர் திணறும். களிமண்ணில் அதற்கு முன்பே திணறும்.

இந்தக் கோளாறு நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் 1977-இல் வந்த திறந்தவெளிச் சுரங்கச் சட்டம், தோண்டிய நிலத்தைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும், சரிவு நிலையாக நிற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. தேவையான சட்டம்தான். ஆனால் அப்பலாச்சிய மலைப்பகுதியில் நிலைத்தன்மைக்குப் பயந்து மண்ணை அடித்து இறுக்கி, வேகமாகப் படர்கிற புல்லை விதைத்தார்கள். சரிவு நின்றது, காடு திரும்பி வரவில்லை, மழையும் உள்ளே இறங்கவில்லை. பிறகு 2004-இல் அரசு அலுவலர்களும் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து முறையை மாற்றும் முயற்சியைத் தொடங்கினார்கள். மேலே குறைந்தது நான்கு அடி மண்ணைத் தளர்வாகக் கொட்டு, டோசரை ஓரிரு முறைக்கு மேல் ஓட்டாதே, மேடு பள்ளமாக இருந்தால் இருக்கட்டும், மரத்தோடு போட்டி போடாத புல்லை விதை. சாரம் இவ்வளவுதான். பார்க்க அரைகுறை வேலைபோலத் தெரியும். மழைநீருக்கு அதுதான் சரியான வேலை.

சரிசெய்வது: புதிதாகக் கொட்டப்போகிற இடமென்றால் மேலே சொன்னபடி தளர்வாக விடச் சொல்லுங்கள். இதில் செலவு குறையுமே தவிர அதிகமாகாது. ஏற்கெனவே இறுகிய சமதளமென்றால் டோசரின் பின்னால் ஆழ்கொழுவைப் பூட்டி ஒரு மீட்டர் ஆழத்துக்கு, இரண்டரை மீட்டர் இடைவெளியில் கீற வேண்டும். மண் நன்றாகக் காய்ந்திருக்கும் ஆனி, ஆடியில் செய்தால்தான் அடுக்கு உடையும். ஈரத்தில் ஓட்டினால் கொழு வெண்ணெயை வெட்டியதுபோல் வழுக்கிப் போகும், சுவர் இன்னும் மெழுகிக்கொள்ளும். கீறல்கள் சம உயரக் கோட்டில்தான் போக வேண்டும். சரிவோடு இறங்கினால் நீங்களே ஒரு பள்ளத்துக்கு வழி வெட்டிக் கொடுத்ததாக ஆகும். மேட்டின் பக்கச் சரிவுகளில் இந்த வேலை வேண்டாம். அங்கே தண்ணீர் உள்ளே இறங்குவதைவிட, சரிவு வழுக்காமல் இருப்பது முக்கியம்.

மரத்தைப் பார்த்து ஏமாறாமல் மரத்தடியைப் பாருங்கள். தைலமரமும் சீமைக்கருவேலமும் அடர்ந்து நிற்கும்; அடியில் புல் இருக்காது, மண் வழுவழுப்பாகத் தெரியும். உட்கார்ந்து கண்ணை மண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனால், சின்னச் சின்னக் கூழாங்கற்கள் மண் தூண்களின் மேல் தொப்பி வைத்ததுபோல் உட்கார்ந்திருப்பது தெரியும். கல்லுக்கு அடியில் இருந்த மண் மட்டும் தப்பித்தது, சுற்றியிருந்தது போய்விட்டது. தூணின் உயரம் எவ்வளவோ அவ்வளவு மண் கழுவப்பட்டிருக்கிறது. ஒரு செ.மீ. என்றால் சின்னதாகத் தோன்றும். ஓர் ஏக்கருக்கு அது 40 கன மீட்டர், ஏழு டிப்பர் லோடு அளவு.

அறிகுறி: மேட்டுச் சரிவில் வரிவரியாகப் பள்ளம்

எதுவும் செய்வதற்கு முன் பள்ளத்தின் தலையைத் தேடிப் போங்கள். பள்ளம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும்.

சரிவின் குறுக்கே படிக்கட்டுபோல விட்டிருக்கும் சமதளத்தின், அதாவது படியின், விளிம்பிலிருந்து தொடங்கினால், அந்தப் படி வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அல்லது நடுவில் தாழ்ந்து, தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கி வழிகிறது. மண் கொட்டி முடித்த முதல் சில ஆண்டுகளில் மேடு தானாக அமுங்கும். கொட்டியபோது சரியாக இருந்த சாய்வு, இரண்டு மழைக்காலம் கழித்து மாறியிருக்கும். படியை மேட்டின் உள்பக்கம் சாய்த்து, உள் ஓரத்தில் வாய்க்கால் எடுத்து, கல் பதித்த இறக்கு வாய்க்கால் வழியாகத் தண்ணீரைக் கீழே கொண்டுவர வேண்டும். இறக்கு வாய்க்கால் கால்வைக்கும் இடத்தில் தண்ணீரின் வேகத்தை உடைக்கக் கற்குவியல் இல்லையென்றால், புதுப்பள்ளம் அங்கே தொடங்கும்.

சரிவின் நடுவே தொடங்கினால் சரிவு நீளம் அதிகம். சரிவின் நீளம் இரண்டு மடங்கானால், ஏக்கருக்கு மண் இழப்பு சுமார் 1.4 மடங்கு ஆகும் என்பது மண் அரிப்புக் கணக்கின் பழைய விதி. பரப்பும் இரட்டிப்பாவதால் மொத்த இழப்பு ஏறக்குறைய 2.8 மடங்கு. அதனால் நீளத்தை வெட்டுங்கள். குறுக்கே படி எடுக்க இடமில்லாத சரிவில் வெட்டிவேர் வரிசை நல்ல வழி. கடலூர்க் கடற்கரை மணலில் அது பயிராகவே விளைகிறது, நாற்றுக்கு அலைய வேண்டியதில்லை. நாற்றுக்கு நாற்று ஒரு சாண் கூட இடைவெளி விடாமல், சம உயரக் கோட்டில், செங்குத்து உயரம் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வரிசையாக நடுங்கள். புரட்டாசிக்குள் நட்டு, வேர்பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்ற ஆள் வையுங்கள். வேருக்கு விலை உண்டு என்பதால் யாராவது பிடுங்கி விற்றுவிடும் வாய்ப்பும் உண்டு. அதை ஊர்க்கூட்டத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

பள்ளம் தொடங்கும் இடத்தில் மேலே தண்ணீர் வந்த தடமே இல்லாமல், மண்ணுக்குள் ஒரு பொந்து மட்டும் தெரிந்தால் அது வேறு நோய். தண்ணீர் உள்ளே புகுந்து குகை அரித்து, கூரை இடிந்து பள்ளமாகியிருக்கிறது. இதற்கு ஒரு டம்ளர் சோதனை போதும். பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுங்கள். கண்ணாடி டம்ளரில் மழைநீர் ஊற்றி, கட்டியை அடியில் மெதுவாக விடுங்கள். கலக்காதீர்கள், டம்ளரை ஆட்டவும் வேண்டாம். கட்டி உதிர்ந்து சிறு குவியலாகி, மேலே தண்ணீர் தெளிவாக நின்றால் சாதாரண மண். பத்து நிமிடத்துக்குள் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் ஒரு மேகம் எழுந்து டம்ளர் அடியில் படர்ந்தால், அந்தக் களி தண்ணீர் பட்டதும் தானாகவே கரைகிற ரகம், சோடியம் அதிகம். கிணற்று நீரிலோ குழாய் நீரிலோ செய்தால் அதில் உள்ள உப்பு அந்த மேகத்தை எழும்ப விடாது, ஏமாந்துவிடுவீர்கள்.

அப்படிப்பட்ட மண்ணில் தேங்கு குழியும் சம உயர வரப்பும் ஆபத்து. தேங்கிய தண்ணீர் உள்ளே பொந்து போடும். ஜிப்சம் கலந்து, மேலே நல்ல மண்ணைப் போர்த்தி, தண்ணீர் நிற்காமல் வழிய விடுவதுதான் வழி. போன அறிகுறிக்கு நான் சொன்ன மருந்துக்கு இது நேர் எதிர். டம்ளர் சோதனை செய்யாமல் கொழுவை இறக்காதீர்கள் என்பதும் அதனால்தான்.

ஏற்கெனவே விழுந்த பள்ளத்தில் மண்ணைக் கொட்டி மூடுவது வீண்வேலை. முதல் மழையிலேயே அந்தத் தளர்ந்த மண் முழுதும் ஏரிக்குப் போய்ச் சேரும். முதலில் மேலே வரும் தண்ணீரைத் திருப்புங்கள், பிறகு பள்ளத்துக்குள் கல்தடுப்புகள் வையுங்கள். கீழ்த்தடுப்பின் உச்சிமட்டமும் அதற்கு மேலுள்ள தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக இருக்கும்படி இடைவெளி விட்டால், இடையில் வண்டல் நிரம்பிப் பள்ளம் படிக்கட்டாகிவிடும். தடுப்பின் நடு தாழ்ந்தும் ஓரங்கள் உயர்ந்தும் இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போகும்.

அறிகுறி: படிவுக் குட்டை இருந்தும் வெளியே கலங்கலாகத்தான் வருகிறது

குட்டைக்கு உள்ளே வரும் தண்ணீரிலும் வெளியேறும் தண்ணீரிலும் ஒவ்வொரு பாட்டில் பிடித்து, ஜன்னல் ஓரத்தில் அசையாமல் வையுங்கள். ஒரு மீட்டர் ஆழத்தைக் கடந்து கீழே விழ, 0.1 மி.மீ. மணலுக்கு இரண்டு நிமிடம் போதும். 0.01 மி.மீ. வண்டலுக்குச் சுமார் மூன்று மணி நேரம். 0.001 மி.மீ. களிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். ஆக, மறுநாள் காலையிலும் பாட்டில் பால்போல் இருந்தால், எவ்வளவு பெரிய குட்டை வெட்டினாலும் அந்தக் களி படியாது. களி கிளம்பும் இடத்தை மேட்டில் மூடுவதுதான் தீர்வு. படிமானத்துக்கு மருந்து கலப்பது கடைசி வழி. அளவு தவறினால் கீழே மீனுக்கு ஆகாது.

பாட்டில் சில மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் மண்மேல் தப்பில்லை, குட்டையில்தான் தப்பு. வரும் வாயும் போகும் வாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் குட்டைக்குள் சுற்றாமல் நேராக வெளியேறிவிடும். நடுவே சாக்குத் தடுப்போ மண்வரப்போ போட்டுப் பாதையை நீட்டுங்கள். நீளம் அகலத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு இருந்தால் நல்லது. அடியிலிருந்து தண்ணீர் எடுக்கிற குழாய் என்றால் மேல்மட்டத்திலிருந்து எடுக்கும்படி மாற்றுங்கள். பாதிக்கு மேல் வண்டல் நிறைந்திருந்தால் மழைக்கு முன்பே அள்ள வேண்டும். அள்ளிய சேற்றைக் குட்டைக் கரையிலேயே கொட்டி வைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அடுத்த மழையில் அது வந்த இடத்துக்கே திரும்பும்.

இந்தியாவில் உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஒரு நாள் உச்சம் 70, மாதச் சராசரி 35. ஆய்வக அறிக்கை வாங்கும்போது மாதிரி எடுத்த நாளில் மழை பெய்ததா என்று கேளுங்கள். வெயில் நாளில் எடுத்த மாதிரி எந்தச் சுரங்கத்திலும் தேறிவிடும்.

அறிகுறி: ஏரி வருடாவருடம் மேடாகிறது

தூர்வாருவதற்கு முன், வந்து சேர்ந்த மண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கோடையில் ஏரி வற்றியபின், தண்ணீர் நுழையும் வாயிலிருந்து மதகு வரை நடந்து, ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை முழ ஆழத்துக்கு வெட்டிப் பாருங்கள். வாயருகே விசிறிபோலப் பருமணல் குவிந்திருந்தால், அது பள்ள அரிப்பிலிருந்தோ ஓடையின் கரை இடிவதிலிருந்தோ வந்தது. ஏரி முழுக்க மெல்லிய களிப்படலம் பரவியிருந்தால், மேட்டுப் பரப்பு கழுவப்படுகிறது, படிவுக் குட்டை பிடிக்கவில்லை. செம்மஞ்சள் மணலும் பல நிறக் களியும் கடலூர் மணற்கல்லின் அடையாளம். கறுப்புப் படலம் என்றால் நிலக்கரித் தூள். சாம்பல் நிறத்தில், உலர்ந்தால் மாவுபோல் பறந்தால் அனல்மின் நிலையச் சாம்பலைச் சந்தேகிக்கலாம். அதற்கு மண்மேட்டில் மருந்து தேடிப் பயனில்லை. அடுக்குகளை எண்ணினால் எந்தப் பெருமழைக்குப் பிறகு எவ்வளவு வந்தது என்பதும் ஓரளவு புலப்படும்.

தூர்வார வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017-இல் குடிமராமத்து மீண்டும் வந்தபோது பல ஏரிகள் பிழைத்தன. ஆனால் ஏரி வாய்க்கு நூறு மீட்டர் முன்பே ஒரு வண்டல் பிடிகுழி வெட்டி, ஒவ்வொரு கோடையிலும் அதை மட்டும் அள்ளினால், முழு ஏரியைத் தூர்வாரும் செலவில் சிறுபகுதிதான் ஆகும். அள்ளுகிற மணலைச் சோதித்துவிட்டு எங்கே போடுவது என்று முடிவெடுங்கள். மேட்டு அடி மண்ணில் சத்து கிடையாது. கரம்பை என்று நினைத்து வயலில் அடித்தால் பயிர் ஏமாற்றும்.

அறிகுறி: தண்ணீர் தெளிவு, ஆனால் ஓடை ஆழமாகிக் கரை இடிகிறது

இதைப் பலர் மேட்டின் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத் தரையே பிதுங்கி எழும். இறைத்த தண்ணீர் ஓடைகளில் விடப்படுகிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடிய ஓடை வருடம் முழுதும் ஓடுகிறது. அதை நம்பி விளைகிற வயல்கள் இருக்கின்றன, அதனால் யாரும் குறை சொல்ல விரும்புவதில்லை.

ஆனால் வண்டல் இல்லாத தண்ணீருக்கு மண்ணைத் தூக்கும் தெம்பு மிச்சம் இருக்கும். மேலே படிவுக் குட்டையில் மணல் முழுதும் நின்றுவிட்டால், கீழே ஓடையின் தரையிலிருந்தும் கரையிலிருந்தும் அது தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எப்போதும் ஈரமாக இருக்கும் கரையின் அடி இளகி, மேலே உலர்ந்த பகுதி பாளம் பாளமாக விழும். தென்னை ஓடைக்குள் சாய்வதையும், சின்னப் பாலத்தின் அடித்தளம் வெளியே தெரிவதையும் கண்டால் இதுதான்.

ஓடைத் தரையின் மட்டத்தைப் பூட்டுவதே மருந்து. குறுக்கே தரைமட்டத்துக்குக் கல் அடுக்கிய தாழ்தடுப்புகள், கரையடியில் நாணல், கோரை, வெட்டிவேர். கரையை நேராக வெட்டி சிமென்ட் பூசினால், அந்த இடம் பிழைக்கும், அடுத்த ஊர் இடியும். ஓடை மணலை அள்ளுவதை ஊர் நிறுத்தாவிட்டால் மற்றது எதுவும் நிற்காது. இன்னொன்றும் யோசிக்க வேண்டும்: ஒருநாள் இறைப்பு நின்றால் இந்தக் கோடை ஓட்டமும் நிற்கும். அதை நம்பி மூன்றாம் போகம் வைத்திருக்கும் ஊர்கள், சுரங்க மூடல் திட்டத்தில் தங்கள் வாய்க்காலுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: முன்பு தண்ணீர் நிற்காத தெருவில் இப்போது நிற்கிறது

பழைய கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் எடுத்து, ஓடைப் புறம்போக்குகளை நீல மையால் வரையுங்கள். அதன்மேல் இன்றைய மேட்டையும் திருப்பிவிட்ட வாய்க்காலையும் வரையுங்கள். எந்தெந்த ஓடை மேட்டுக்கு அடியில் போயிற்று, எந்த நிலத்தின் தண்ணீர் இப்போது உங்கள் பக்கம் வருகிறது என்பது ஒரே தாளில் தெரியும். மேடு எழும்பும்போது நீர் பிரியும் கோடும் இடம் மாறும். பாலத்தின் குழாயைப் பழைய பரப்புக்குக் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

கணக்கு எளிது. 100 ஹெக்டேர் நிலம், மணிக்கு 60 மி.மீ. மழை. பெய்ததில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் வினாடிக்கு 3.3 கன மீட்டர். இறுகிய மண்ணில் பாதி ஓடி வந்தால் 8.3. அதே நிலம், அதே மழை, ஆனால் குழாய்க்கு இரண்டரை மடங்கு வேலை. திருப்பிவிட்ட வாய்க்கால் நேராகப் போனால் வேகமும் கூடும். ஐந்து கிலோமீட்டர் வளைந்து ஐந்து மீட்டர் இறங்கிய ஓடையை மூன்று கிலோமீட்டராக நிமிர்த்தினால், ஆயிரத்துக்கு ஒன்றாக இருந்த வாட்டம் அறுநூறுக்கு ஒன்றாகிவிடும்.

ஆனால் எல்லா வெள்ளத்தையும் மேட்டின் தலையில் போடாதீர்கள். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் பெய்தது. அப்படிப்பட்ட மழையில் காடும் வழிந்து ஓடும். நோயைக் காட்டுவது 5, 6 செ.மீ. மழை. அந்த அளவில் முன்பு ஓடை தாங்கியதா, இப்போது தாங்குகிறதா என்று கேளுங்கள். மேற்கு வெர்ஜீனியாவில் 2001 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு அரசு நடத்திய ஆய்வும், சுரங்கமும் மரவெட்டும் ஓட்டத்தைக் கூட்டியதாகவே கணக்கிட்டது; எவ்வளவு என்பது ஓடைக்கு ஓடை மாறியது.

சரிசெய்ய: குழாயை மட்டும் பெரிதாக்கினால் வெள்ளம் அடுத்த தெருவுக்குப் போகும். மேட்டின் அடியைச் சுற்றி மாலைபோல் ஓடும் வாய்க்கால் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அடைபட்டிருக்கும். பிறகு மேல்தளத்தில் தண்ணீரைத் தாமதப்படுத்த இடம் தேடுங்கள்.

அறிகுறி: மேட்டடியில் துருநிறக் கசிவு, வெள்ளைப் பூப்பு

பிஎச் தாளும் மீட்டரும் இங்கேதான். பிஎச் 5-க்குக் கீழே, துருநிறச் சகதி என்றால் கந்தகம் கலந்த இரும்புத்தாது காற்றும் நீரும் பட்டு அமிலமாகிறது. வெள்ளைப் பூப்பும் அதிக மின்கடத்துத்திறனும் உப்பு. அப்பலாச்சிய ஓடைகளில் மின்கடத்துத்திறன் செ.மீ.க்கு 300 மைக்ரோசீமன்ஸைத் தாண்டினால் சில பூச்சியினங்கள் அற்றுப்போகத் தொடங்குகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2011-இல் கணக்கிட்டது. நம் மண்ணுக்கு அந்த எண்ணை அப்படியே எடுக்க முடியாது. மேட்டுக்கு மேலே உள்ள ஓடை நீரோடு ஒப்பிடுங்கள். மருந்து, தண்ணீர் மேட்டுக்குள் எங்கே புகுகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தை மூடுவது. அதுவரை அந்தக் கசிவை மாட்டுக்கும் வயலுக்கும் விடாதீர்கள்.

எல்லாம் சேர்ந்திருந்தால் எதை முதலில்?

உயிருக்கு ஆபத்தான சரிவும் கரையும் முதலில். அடுத்து மேட்டடி வாய்க்கால், படிகளின் சாய்வு. இவை இரண்டும் ஆடிக்குள் முடிய வேண்டும். மேல்தளத்தைத் தளர்த்துவது அதே கோடையில். மரம், வெட்டிவேர் புரட்டாசிக்குள். ஏரித் தூர் கடைசி. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிற ஊர்தான் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதே ஏரிக்கு அதே பணத்தைத் தேடுகிறது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு நல்ல மழைக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மி.மீ. பெய்தது, மழை தொடங்கிய நேரம், ஓடை உச்சத்துக்கு ஏறிய நேரம், மட்டம். ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் ஒரு போட்டோ, தேதி எழுதிய ஒரு பாட்டில். ஒரு மழைக்காலத்தில் பத்து மழை சேர்ந்துவிட்டால், மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்ப்புக் கூட்டத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலும் அதை மனுவோடு வைக்கலாம்.

மனுவில் "சேறு வருகிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற ஒவ்வொரு சுரங்கமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபந்தனை அறிக்கை கொடுக்க வேண்டும். 2006 அறிவிக்கைப்படி அது பொது ஆவணம். அதை எடுத்து, மேட்டடி வாய்க்கால், படிவுக் குட்டை, மேட்டுச் சரிவு பற்றிய நிபந்தனைகளின் எண்ணைக் குறிப்பிட்டு, எதிரே உங்கள் மழைத் தேதியையும் போட்டோவையும் ஒட்டுங்கள். நிலக்கரி அமைச்சகத்தின் சுரங்க மூடல் வழிகாட்டுதல்படி, சுரங்கத்தைப் படிப்படியாக மூடும் வேலைக்கென்று தனிக்கணக்கில் பணம் ஒதுக்கப்படுகிறது. மேல்தள இறுக்கத்தை உடைப்பதும் மேட்டடி வாய்க்காலைச் சீர்செய்வதும் அந்த வேலைக்குள் வருமா, எந்த ஆண்டு செய்வார்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். வாளிச் சோதனையின் இரண்டு எண்களையும், மேட்டில் எவ்வளவு, முந்திரித் தோப்பில் எவ்வளவு என்று, அந்த மனுவின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.